தோட்டக் குடும்பமும் நாட்சம்பளமும்: மலையகத்தில் தொழில், வருமானம், வறுமை – ஒரு வரலாற்று நோக்கு

வறுமையை ஆராய்வோர் பெரும்பாலும் வேலையின்மையிலிருந்தே தமது ஆய்வைத் தொடங்குவர். தொழில் இல்லாதவனுக்கு வருமானம் இல்லை. வருமானம் இல்லாத வீட்டில் வறுமை குடிகொள்கின்றது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் வரலாறு இக்கருத்துக்குள் எளிதில் அடங்குவதாயில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை ஆகிய மாவட்டங்களின் தோட்டங்களில் கணவனும் மனைவியும் பருவமெய்திய பிள்ளைகளும் ஒருங்கே வேலைக்குச் சென்ற குடும்பங்களே நெடுங்காலம் பெரும்பான்மையாக இருந்தன. நாட்டின் ஏனைய பகுதிகளில் ஒரு குடும்பத்துக்கு ஓர் உழைப்பாளியே இருந்த காலத்தில் தோட்டக் குடும்பத்தில் இருவர், மூவர், சில வேளைகளில் நால்வர் உழைத்தனர். அவ்வாறிருந்தும் அக்குடும்பங்கள் வறுமையிலிருந்து மீளவில்லை.

எனவே மலையகத்தின் வறுமை வேலையில்லாதோரின் வறுமையன்று. அது வேலை செய்வோரின் வறுமையாகும். இவ்வறுமை எவ்வாறு உருவாயிற்று, எந்நியதிகளால் நிலைபெற்றது என்பதைக் குடும்பம் என்னும் அலகை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காலமும் தனியாட்களின் உழைப்பும்

1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை 1830களின் பிற்பகுதியிலிருந்து பெருந்தோட்ட முறையாக விரிவடைந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம் மலைநாட்டின் காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் உடைமையாக்கித் தோட்ட முதலாளிகளுக்கு மலிவாகக் கிடைக்கச் செய்தது. நிலம் கிடைத்தது, உழைப்பு உள்ளூரில் போதிய அளவு கிடைக்கவில்லை. தமக்கென வயலும் சேனையும் கொண்டிருந்த கண்டிய விவசாயிகள் குறைந்த கூலிக்காக ஆண்டு முழுவதும் தோட்டத்தில் நின்று உழைக்க முன்வரவில்லை. ஆகவே பிரித்தானியத் தோட்டத்துரைமார் தென்னிந்தியாவின் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளை நாடினர்.

கோப்பிக்கு வேண்டிய உழைப்பு பருவகாலத்துக்குரியது. பழம் பறிக்கும் மாதங்களில் பெருந்தொகையானோர் தேவைப்பட்டனர். அறுவடை முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினர். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த அம்மக்களுள் கொள்ளை நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். வந்தவர்களுள் ஆண்களே மிகுதி. மனைவியும் மக்களும் முதியோரும் தமிழகத்துக் கிராமங்களிலேயே இருந்தனர்.

பொருளியல் நோக்கில் இதன் உட்பொருள் கவனிக்கத்தக்கது. தோட்டம் கொடுத்த கூலி உழைப்பவன் ஒருவனின் வயிற்றை நிரப்பிச் சிறிது மிச்சம் தந்தாற் போதுமானதாக இருந்தது. பிள்ளையை வளர்ப்பதும், நோயாளியைப் பேணுவதும், முதியவருக்குச் சோறிடுவதும் ஊரிலிருந்த குடும்பத்தின் பொறுப்பாயின. கூலி குறைவாக இருந்தமைக்குத் துரைமாரின் இலாபநோக்கு மட்டும் காரணமன்று. அக்கூலியின் குறையை ஈடுசெய்ய வேறொரு நாட்டில் ஒரு கிராமம் இருந்தமையும் காரணமாகும்.

தேயிலையும் குடும்பத்தின் வருகையும்

1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. அடுத்த இரு தசாப்தங்களுள் கோப்பிப் பொருளாதாரம் வீழ்ச்சியுற்றது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை அவ்விடத்தை நிரப்பியது. 1900ஆம் ஆண்டளவில் தேயிலை மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது.

தேயிலை கோப்பியைப் போன்றதன்று. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். குறித்த நாட்களுக்கு ஒருமுறை அதனைப் பறித்தாக வேண்டும். ஆகவே தோட்டத்திலேயே தங்கி வாழும் நிரந்தரத் தொழிலாளர் படை தேவைப்பட்டது. கொழுந்து பறித்தல் பெண்களின் தொழிலாயிற்று. கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல், உரமிடுதல் முதலியன ஆண்களுக்குரியனவாயின. புல் பிடுங்குதல் போன்ற இலகுவான வேலைகளில் சிறுவர் ஈடுபடுத்தப்பட்டனர். 1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும் பஞ்சமும் குடும்பம் குடும்பமாக மக்கள் கடல் கடப்பதற்கு ஏதுவாயிற்று.

இவ்வாறு குடும்பம் தோட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. கோப்பிக் காலத்தில் தமிழகக் கிராமம் தாங்கிய செலவுகள் அனைத்தும் இப்போது தோட்டத்து லயத்துக்குள் வந்தன. ஆனால் கூலி அதற்கேற்ப உயரவில்லை. ஆடவனின் கூலியை உயர்த்துவதற்குப் பதிலாக மனைவிக்கும் பிள்ளைக்கும் வேலை கொடுக்கப்பட்டது. ஒருவர் உழைப்பால் நடத்த இயலாத குடும்பத்தை மூவர் உழைப்பால் நடத்த வேண்டும் என்பதே தேயிலைத் தோட்டத்தின் எழுதாத சட்டமாயிற்று. மலையகக் குடும்பத்தின் பிற்கால வறுமையை விளங்கிக்கொள்வதற்கு இம்மாற்றமே திறவுகோல் எனலாம்.

கங்காணியும் கடனும்

குறைந்த கூலி ஒருபுறமிருக்க, அக்கூலியும் முழுமையாகத் தொழிலாளியின் கையைச் சென்றடையவில்லை. தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் இடையில் கங்காணி நின்றான். தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டும் கங்காணி, ஊர்க்கடனைத் தீர்க்கவும் பயணச் செலவுக்கும் முன்பணம் கொடுத்தான். தோட்டத்தில் காலடி வைக்கும் முன்னரே குடும்பம் கடன்பட்டிருந்தது. பெரிய கங்காணிக்குத் தன் ஆட்கள் வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று 'தலைக்காசு' கிடைத்தது. ஒரு வீட்டில் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகின்றனரோ அத்தனைக்கும் அவன் வருவாய் பெருகியது. எனவே தனியாளைக் காட்டிலும் குடும்பத்தைக் கொண்டுவருவதே அவனுக்கும் நலமாயிற்று.

ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளர் மாறுவதற்குத் 'துண்டு' என்னும் முறை வழக்கிலிருந்தது. தொழிலாளரின் கடன்தொகை எழுதப்பட்ட அத்துண்டைப் பெற்றுக்கொண்டு, அக்கடனைச் செலுத்தும் புதிய தோட்டம் அவர்களை ஏற்றுக்கொண்டது. தொழிலாளரின் கடன் அதனால் தீர்ந்துவிடவில்லை. கடன் கொடுத்தவர் மட்டுமே மாறினார். ஆளுக்குப் போட்டி மிகுந்த காலங்களில் கூலி உயர்வதற்குப் பதிலாக முன்பணம் உயர்ந்தது. ஏனைய தொழில்களில் உழைப்புக்குத் தட்டுப்பாடு வந்தால் உழைப்பவன் நன்மை பெறுவான். தோட்டத்தில் அத்தட்டுப்பாடும் அவனது கடன்சுமையையே பெருக்கியது.

அரிசி தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே வழங்கப்பட்டு அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. வேலையை விட்டு நீங்குவது 1865ஆம் ஆண்டின் தொழில் ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1921ஆம் ஆண்டளவில் துண்டு முறையும் இத்தண்டனை விதிகளும் ஒழிக்கப்பட்டன. சட்டம் கடனைக் கட்டுப்படுத்தியதாயினும் கடன்படும் தேவை மறையவில்லை. திருமணம், பிள்ளைப்பேறு, மரணம், தீபாவளி ஆகிய ஒவ்வொன்றும் மாதச் சம்பளத்துக்கு அப்பாற்பட்ட செலவாகையால் கங்காணியின் இடத்தைக் கடைக்காரரும் அடகுகாரரும், பிற்காலத்தில் தோட்டத்தின் தீபாவளி முற்பணமும் நிரப்பின.

1927ஆம் ஆண்டுச் சட்டமும் குடும்பத்தின் கணக்கும்

இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலின் பேரில் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்சம்பளமாக விதிக்கப்பட்டன. மத்திய மலைப்பகுதியில் இவை முறையே 52, 41, 31 சதமாகவும், தாழ்நிலப் பகுதியில் 50, 40, 30 சதமாகவும் இருந்தன. தோட்டத் தொழிலாளருக்குச் சட்டம் முதன்முதலாக ஒரு சம்பள எல்லையை வகுத்தது என்ற வகையில் இது முக்கியமான முன்னேற்றமாகும்.

ஆயினும் இவ்வெண்களைக் குடும்பத்தின் கணக்காக மாற்றிப் பார்ப்பது பயனுடையது. உயர்மலைத் தோட்டமொன்றில் ஓர் ஆடவனும் அவன் மனைவியும் வேலைசெய்யும் வயதுடைய ஒரு பிள்ளையும் உள்ள குடும்பத்தின் நாள் வருமானம் 1 ரூபா 29 சதமாகும். மாதத்தில் 24 நாட்கள் மூவருக்கும் தவறாது வேலை கிடைப்பின் ஏறக்குறைய 31 ரூபா சேரும். இதில் குடும்பத்தலைவனின் பங்கு 13 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. மொத்தத்தில் நூற்றுக்கு 42 மட்டுமே. தாய் பிள்ளைப்பேற்றாலோ நோயாலோ ஒரு மாதம் வேலைக்குச் செல்லாதுவிடின் வீட்டு வருமானத்தில் மூன்றிலொரு பங்கு இல்லாமற்போகும். பிள்ளையை வேலைக்கு அனுப்பாது பாடசாலைக்கு அனுப்பினால் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு குறையும்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. ஒன்று, ஆடவனின் கூலி ஒரு குடும்பத்தைக் காக்கும் கூலியாக எக்காலத்திலும் கருதப்படவில்லை என்பது. மற்றையது, தோட்டச் சிறுவரின் கல்வியின்மையைப் பெற்றோரின் அறியாமை என்று கூறிவிடுவது பொருந்தாது என்பது. பாடசாலைக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குடும்பம் உணவில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1940களில் இலவசக் கல்வி நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குக் கதவு திறந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டிருந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளுடன் இணைக்கப்பட்டன.

சட்டம் விதித்த எல்லையும் நிலையாக நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் தேயிலை, இறப்பர் விலைகளை வீழ்த்தியபோது ஆகக்குறைந்த சம்பளமே குறைக்கப்பட்டது. பெருந்தொகையானோர் இந்தியாவுக்குத் திரும்பினர். இக்காலத்திலேயே கோ. நடேசையர் தோட்டங்களில் தொழிற்சங்க இயக்கத்தை வளர்த்தார். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வுப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1939ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டமும் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் சட்டமும் இப்பின்னணியிலேயே நோக்கற்பாலன.

குடியுரிமை இழப்பின் பொருளாதார விளைவுகள்

1939இல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் குடிபெயர்வதைத் தடைசெய்தது. அதன்பின் மலையகக் குடும்பம் முழுமையாகவே இந்நாட்டுக் குடும்பமாயிற்று. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் 7,80,589 பேராவர். ஆயின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 8,25,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டபோதும் ஏறக்குறைய 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது.

இது அரசியல் உரிமை பற்றிய நிகழ்வாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. ஆனால் குடும்ப வருமானத்தின் மீது அது கொண்ட தாக்கம் அதற்குக் குறைந்ததன்று. சுதந்திரத்துக்குப் பின் இலங்கையின் கிராமியக் குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலெழுந்த வழிகள் மூன்று. குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணி முதலாவது. அரசாங்க உத்தியோகம் இரண்டாவது. இலவசக் கல்வி மூன்றாவது. நாடற்ற குடும்பத்துக்கு முதலிரண்டு வழிகளும் சட்டத்தால் அடைக்கப்பட்டன. மூன்றாவது தோட்டத்தின் எல்லையிலேயே நின்றுவிட்டது. தோட்டத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத தொழிலாளி சம்பளத்துக்காகப் பேரம் பேசும் வலிமையையும் இழந்தான். வீடும் தோட்டத்தினது, குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் 'பேர் பதிந்திருந்தால்' மட்டுமே லயத்துக் காம்பராவில் குடியிருக்க முடிந்தது. வேலையை இழப்பது கூரையையும் இழப்பதாயிற்று.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவாயிற்று. தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் பல. ஒரு வீட்டில் தந்தைக்கு இந்தியப் பிரசாவுரிமையும் மணமான மகளுக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்த சந்தர்ப்பங்களும் இருந்தன. பல கைகள் சேர்ந்து உழைத்தாலன்றி நிலைக்காத குடும்பப் பொருளாதாரத்தில் ஒருவரின் பிரிவு உறவின் முறிவு மட்டுமன்று, வருமானத்தின் முறிவுமாகும். 1971இல் ஏறக்குறைய 11,75,000 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981ஆம் ஆண்டுக் கணிப்பில் ஏறக்குறைய 8,19,000 ஆகக் குறைந்தது. நாடற்ற நிலை 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே படிப்படியாக நீக்கப்பட்டது.

1973–74: நாட்சம்பளத்தின் சோதனை

நாட்சம்பளத்தை மட்டும் நம்பிய வாழ்க்கை எத்துணை உறுதியற்றது என்பதை 1973–74ஆம் ஆண்டுகள் காட்டின. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. கோதுமை மாவின் விலை உயர்ந்து அதுவும் அரிதாயிற்று. இதே வேளையில் தோட்டங்களில் வேலைநாட்கள் சுருங்கின. வாரத்தில் இரண்டு மூன்று நாட்களே வேலை கிடைத்த தோட்டங்கள் பல. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதனைத் தொடர்ந்து கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் நிர்வாக மாற்றத்தின் தடுமாற்றத்தையும் இதனுடன் சேர்த்தன.

இந்நெருக்கடி நாடு முழுவதற்கும் உரியதே. எனினும் கிராமத்துக் குடும்பத்துக்கு வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியோ பலா மரமோ இருந்தது. தோட்டக் குடும்பத்துக்கு லயத்தைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் தேயிலையாக இருந்தது. தேயிலையை உண்ண முடியாது. நகையும் பாத்திரமும் விற்பனைக்குச் சென்றன. பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த நோயாலும் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் 1974இல் கூர்மையாக உயர்ந்தது. சிசுக்களும் முதியோரும் முதலிற் பலியாயினர். வேலைப் பதிவேட்டில் பெயருள்ள ஒரு சமூகம் பட்டினியால் இறந்தமை இந்நூற்றாண்டுக் கால முறைமையின் மீது சுமத்தப்பட்ட கடும் குற்றச்சாட்டாகும்.

நிலத்தைப் பற்றிய அச்சமும் இக்காலத்தில் எழுந்தது. தோட்டக் காணிகளைப் பிரித்து வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சிகளைத் தொழிலாளர் எதிர்த்தனர். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் நடைபெற்ற அத்தகைய எதிர்ப்பின்போது சிவனு லெட்சுமணன் என்னும் இளம் தொழிலாளி சுட்டுக்கொல்லப்பட்டார். பிரித்துக் கொடுக்கப்படும் ஒவ்வொரு ஏக்கரும் தொழிலாளர் குடும்பத்துக்குக் குறையும் வேலைநாட்களாகவே கணக்கிடப்பட்டது. அந்நிலத்தில் அக்குடும்பத்துக்குப் பங்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை என்பதே அவ்வெதிர்ப்பின் அடிநாதமாகும்.

பெண்ணின் உழைப்பு

தோட்டக் குடும்பத்தின் வருமானத்தை ஆராயுமிடத்துப் பெண்ணின் பங்கைத் தனியே நோக்காதுவிடின் ஆய்வு முழுமை பெறாது. ஏற்றுமதியாகும் தேயிலை முதலில் அவளது விரல்களால் பறிக்கப்படுகின்றது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, காலையில் மலையேறும் அவள் மாலை வரை பறிக்கின்றாள். ஆண்களின் வேலை பல தோட்டங்களில் பிற்பகலுக்கு முன்னரே முடிந்துவிடும். நீண்ட நேரம் உழைத்தவளுக்குச் சம்பளம் குறைவாகவே இருந்தது. 1929இல் ஆணின் சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காக விதிக்கப்பட்ட பெண்ணின் சம்பளம், 1984இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணின் சம்பளத்துக்குச் சமமாக்கப்பட்டது. அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டால் தோட்டக் குடும்பம் இழந்த வருமானம் எத்துணையது என்பது புலனாகும்.

சம்பளம் சமமான பின்னரும் அச்சம்பளம் அவள் கைக்கு வந்ததா என்பது வேறு வினா. கணவனோ தந்தையோ பெண்ணின் சம்பளத்தையும் சேர்த்துப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. அதில் ஒரு பகுதி சாராயக் கடைக்குச் சென்றதும் மறைக்கவியலாத உண்மையாகும். குடும்பத்தின் வருமானமும் குடும்பத்துக்குப் பயன்படும் வருமானமும் ஒன்றல்ல என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

1992க்குப் பின்: புள்ளிவிவரங்கள் கூறுவன

1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. சம்பளம் தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தங்களால் நிர்ணயிக்கப்படலாயிற்று. அடிப்படைச் சம்பளத்துடன் வரவுக்கான கொடுப்பனவுகள் சேர்க்கப்பட்டன. குறித்த நாட்களுக்குக் குறைவாக வேலைக்குச் சென்றவர் அக்கொடுப்பனவை இழந்தார். நாளொன்றுக்குக் குறிக்கப்பட்ட கிலோவைப் பறிக்காதவருக்கு 'அரைப்பேர்' மட்டுமே பதியப்பட்டது. ஆகவே அறிவிக்கப்பட்ட நாட்சம்பளத்துக்கும் மாத முடிவில் வீட்டுக்கு வந்த தொகைக்கும் இடையில் எப்பொழுதும் ஓர் இடைவெளி இருந்தது. ஊழியர் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் ஆகியவற்றின் கழிவுகள் அதனை மேலும் அகலமாக்கின.

குடித்தொகை மதிப்பீட்டு, புள்ளிவிவரத் திணைக்களத்தின் வீட்டு வருமானச் செலவின ஆய்வுகள் ஓர் அரிய உண்மையைத் தருகின்றன. 1990/91இல் தோட்டத்துறையில் வறியோர் விகிதம் 20.5 ஆக இருக்க, கிராமத்துறையில் அது 29.4 ஆக இருந்தது. அதாவது அவ்வாண்டில் தோட்டக் குடும்பம் கிராமியக் குடும்பத்தைவிட மேலான நிலையில் இருந்தது. 1995/96இல் தோட்டத்துறை விகிதம் 38.4 ஆக உயர்ந்தது. 2006/07இல் நாட்டின் விகிதம் 15.2 ஆகக் குறைந்தபோது தோட்டத்துறையில் 32.0 ஆக இருந்தது. 2009/10இல் அது 11.4 ஆகவும் 2016இல் 8.8 ஆகவும் இறங்கியது. புதிய வறுமைக் கோட்டின்படி கணிக்கப்பட்ட 2019ஆம் ஆண்டில் நாட்டின் விகிதம் 14.3 ஆகவும் தோட்டத்துறையின் விகிதம் 33.8 ஆகவும் காணப்பட்டன.

சில ஆண்டுகளுள் ஒரு சமூகத்தின் வறுமை இவ்வாறு ஏறியிறங்குவது எவ்வாறு? தோட்டக் குடும்பங்களுட் பெரும்பாலானவை வறுமைக் கோட்டுக்கு வெகு அருகிலேயே வாழ்கின்றன என்பதே இதன் விளக்கமாகும். ஒரே வகைத் தொழில், ஒரே அளவான சம்பளம், ஏறக்குறைய ஒரே அளவான குடும்பம் ஆகிய காரணங்களால் அவை கோட்டைச் சுற்றித் திரளாக நிற்கின்றன. சம்பளம் சிறிது உயர்ந்தால் பல்லாயிரவர் கோட்டுக்கு மேலே வருகின்றனர். விலைவாசி உயர்ந்தாலோ கோடு சிறிது உயர்த்தி வரையப்பட்டாலோ அதே பல்லாயிரவர் கீழே விழுகின்றனர். இவர்கள் வறுமையைக் கடந்தவர்கள் அல்லர்; அதன் வாசலில் நிற்பவர்கள்.

நாளொன்றுக்கு 1,000 ரூபா என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் சம்பளச் சபையின் வழியாக நிறைவேறியது. ஆனால் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. வென்ற சம்பள உயர்வை விலைவாசி விழுங்கிவிட்டது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 1973–74இல் நிகழ்ந்தது போலவே இம்முறையும் உணவு முழுவதையும் விலைக்கு வாங்கும் குடும்பமே கூடுதலாகப் பாதிக்கப்பட்டது.

இதற்கிடையில் குடும்பத்தின் அமைப்பும் மாறிவிட்டது. இன்று தோட்டத்தில் வாழ்வோருட் சிறுபகுதியினரே தோட்டத் தொழிலாளராவர். இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும், யுவதிகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளின் வீட்டு வேலைக்கும் செல்கின்றனர். கோப்பிக் காலத்தில் உழைப்பவன் தோட்டத்தில் இருக்கக் குடும்பம் ஊரில் இருந்தது. இன்று குடும்பம் தோட்டத்தில் இருக்க உழைப்பவர் வெளியில் இருக்கின்றனர். லயம் இப்போது அக்காலத்துத் தமிழகக் கிராமத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. பிள்ளைகளையும் முதியோரையும் அது தாங்குகின்றது. ஆயினும் அக்கிராமத்து வறியவனுக்குக்கூட வாய்த்திருந்த சொந்தக் குடிசை நிலம் இங்கு பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மலையக வறுமை பற்றிய ஒரு முடிவுக்கு வரலாம். தோட்டக் கூலி தொடக்கம் முதல் குடும்பத்தின் தேவையை அடிப்படையாகக் கொண்டு அமையவில்லை. கோப்பிக் காலத்தில் அதன் குறையைத் தமிழகக் கிராமம் தீர்த்தது. தேயிலைக் காலத்தில் மனைவியின் உழைப்பும் பிள்ளையின் இளமையும் தீர்த்தன. இன்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் செய்யப்படும் கூலிவேலை தீர்க்கின்றது. குறையைத் தீர்ப்பவர் மாறியுள்ளனர், குறை மாறவில்லை.

ஆகவே நாட்சம்பளத்தை உயர்த்துதல் இன்றியமையாததேயாயினும் அதுமட்டும் போதுமானதன்று. வேலைநாட்கள் உறுதிப்படுத்தப்படாத சம்பள உயர்வு காகிதத்திலேயே தங்கிவிடும் என்பதை ஏறக்குறைய நூறாண்டுச் சட்டங்களின் அனுபவம் உணர்த்துகின்றது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடுகள் அமைக்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆனால் அது பயன்பெற்ற குடும்பங்கள் மிகச் சிலவே. வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருக்கும் வரை, ஒரு கொத்து மரவள்ளி நடுவதற்கும் துரையின் அனுமதி வேண்டியிருக்கும் வரை, தோட்டக் குடும்பம் எத்தனை கைகளால் உழைப்பினும் அடுத்த விலையேற்றத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழேயே சென்று சேரும். இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோளிற் சுமந்த குடும்பங்கள் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதிப் பத்திரம் வழங்குதல் தருமமன்று. அது நெடுங்காலமாகக் கொடுக்கப்படாதிருக்கும் சம்பளத்தின் நிலுவையாகும்.